ஈ என்பதா, கொடு என்பதா?

ஒருவன் மற்றொருவனிடம் ஒரு பொருளைக் கேட்குங்கால், கேட்போனின் நிலை இன்னதென்பது அவன் வாயினின்று பிறக்கும் வினைச்சொல்லிலேயே வெளிப்பட்டுவிடும் என்று கண்டவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்து எச்சவியலில் அவர் மூன்று சொற்களை நிறுத்திக் காட்டுகின்றார். கொடுப்போனினும் தாழ்ந்தவன் 'ஈ' என்பான். அவனோடு ஒத்தவன் 'தா' என்பான். அவனினும் உயர்ந்தவன் 'கொடு' என்பான். கேட்கப்படும் பொருள் ஒருபடி நெல்லாயினுமாகுக, ஒருகாணி நிலமாயினுமாகுக; கேட்போனின் தலை குனிந்திருக்கின்றதா நிமிர்ந்திருக்கின்றதா என்பதே வேறுபாடு. ஆங்கிலன் இம்மூன்றிடத்தும் ஒரே சொல்லைக்கொண்டு ஒப்பேற்றிவிடுவான். தமிழன் ஒப்பேற்றவியலாது; வாய் திறந்தவுடன் தான் யார் என்பதை அவன் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கணவனைப் போர்க்களத்திற்கு விடுத்துவிட்டு அடுப்பெரிக்க வழியின்றி இருப்பவளும், அக்களத்திலேயே அவனை இழந்துவிட்டவளும் அரசின் வாயிலில் வந்து நிற்கும்போது இம்மூன்றனுள் எச்சொல்லைச் சொல்லுதல் தகும்? 'கொடு' என்பதே தகும். என்னை? முன்னரே கொடுத்தவள் அவள், கொண்டது நாடு. கொண்டவன் கொடுத்தவளுக்கு ஈகை புரிகின்றேன் என்று நெஞ்சு நிமிர்த்துவது சொல்லளவிலேயே முரணாகும். ஆயினும் பெரும் பேரரசுகள் அவளை 'ஈ' என்றே சொல்லவைத்தன. அவற்றுள் இங்கிலாந்தின் வரலாறு விரிவாக எழுதி வைக்கப்பட்டுள்ளது. இந்தியப் படையின் சட்டமும் பழக்கமும் பெரும்பாலும் அந்நாட்டுப் படையினின்று இறங்கியவையாகலின், அவ்வரலாறு தமிழர்க்குப் புறம்பானதும் அன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் படையில் ஒரு படைஞன் மணம்புரிய வேண்டுமாயின் தன் படைத்தலைவனின் இசைவைப் பெறல் வேண்டும். அவ்விசைவும் எல்லார்க்கும் கிட்டுவதன்று. நூற்றுவர்க்கு ஆறு பேர் என்னும் அளவிலேயே மனைவியர் படைப்பட்டியலில் ஏற்றப்பட்டனர். இசைவின்றி மணந்தவனின் மனைவி ஊராரின் கண்ணுக்கு மனைவி. கோயிலின் கண்ணுக்கு மனைவி. படையின் கண்ணுக்கு மட்டும் அவள் ஒருத்தி இருப்பதாகவே இல்லை. படைப்பிரிவொன்று கடல்கடந்து செல்ல ஆணை வந்தால், பட்டியலில் உள்ள பெண்டிருள்ளும் ஒரு சிலரே உடன்செல்லலாம். அச்சிலர் யார் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்தனர். 'செல்லலாம்', 'செல்லலாகாது' என்று எழுதிய சீட்டுகளைக் குலுக்கி, கப்பலேறுவதற்குச் சற்று முன்னர், கையிற் குழந்தையோடு நிற்கும் பெண்களை எடுக்கச் சொன்னார்கள். 'செல்லலாகாது' என்னும் சீட்டை எடுத்தவள் துறைமுகத்திலேயே விடப்பட்டாள். அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் படை ஒரு காசும் தரக் கடமைப்பட்டதன்று. அவள் தன் ஊர்க்கோயிற் பங்கின் ஏழையர் உதவியை நாடி, இரவலர் வரிசையில் நிற்கவேண்டியதுதான். உலகின் கால்பங்கை ஆண்டதாகப் பெருமை பேசிய பேரரசு தன் படைஞனின் மனைவிக்கு வைத்திருந்த ஏற்பாடு அவ்வளவே.

1854ஆம் ஆண்டு இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. செய்தித்தாள்களின் வழியாகக் களத்தின் கொடுமை இங்கிலாந்து மக்களுக்கு உடனுக்குடன் தெரியவந்த முதற்பெரும் போர் அது. அவ்வாண்டு அக்தோபரில் விக்டோரியா பேரரசியின் ஆணைக்குழு ஒன்று நாட்டுப்பற்றுப் பணத்தொகுப்பொன்றை நிறுவிற்று. போரில் மாண்டோரின் கைம்பெண்களையும் தந்தையற்ற பிள்ளைகளையும் புரப்பதே அதன் நோக்கம். மக்கள் அள்ளிக் கொடுத்தனர். பத்து இலக்கம் பவுனுக்கு மேற்பட்ட பணம் குவிந்தது. இக்கொடையைக் குறைத்துப் பேசுதல் முறையாகாது. பெருஞ்செல்வரேயன்றித் தொழிலாளரும் தம் கிழமைக் கூலியில் எடுத்துக் கொடுத்தனர். குறை கொடுத்தோரிடத்தன்று, கொடுத்ததைப் பகிர்ந்தோரிடத்தே.

அப்பணத்தின் ஒரு பகுதியைக்கொண்டு இலண்டனின் தென்மேற்கே வாண்ட்சுவொர்த்து என்னும் இடத்தில், தந்தையை இழந்த பெண்பிள்ளைகட்கென ஒரு பெருங்கட்டடம் எழுப்பினர். 1857இல் பேரரசியே அதற்கு அடிக்கல் நாட்டினார். கோபுரங்களும் முகடுகளும் கூடி இன்றும் ஓர் அரண்மனைபோல் அக்கட்டடம் நிற்கின்றது. அதற்குள் வாழ்ந்த பிள்ளைகளோ கல்லைக் கழுவியும் துணி வெளுத்தும், செல்வர் வீடுகளில் வேலைக்காரிகளாவதற்குப் பயிற்றுவிக்கப்பட்டனர். நாட்டுக்காக உயிர்நீத்தவனின் மகள் என்பதற்குக் கிடைத்த பயன், அந்நாட்டின் செல்வர் வீட்டில் பாண்டம் துலக்கும் தகுதி! 1862இல் அங்கு ஒறுப்பாகத் தனியறையில் அடைத்துப் பூட்டப்பட்ட சிறுமி ஒருத்தி தீப்பற்றி மாண்டாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அக்குழந்தை எழுப்பிய ஓலத்தைவிட, ஈகை என்னும் சொல்லின் இருண்ட பக்கத்தை விளக்கும் உரை வேறு வேண்டுவதில்லை. அக்கட்டடத்தை எழுப்பியோர் தீயவரல்லர். தாம் கொடுப்பவர், அவர்கள் பெறுபவர்; ஆகலின் அவர்களைத் திருத்தும் உரிமையும் தமக்குண்டு என்று கருதினர். தீமை அங்கேதான் முளைத்தது.

1885இல் எகிப்து, சூடான் பக்கத்துப் போர்க்குப் படைகள் சென்றபோது, சேம்சு கில்டியா என்னும் படைத்தலைவர் இலண்டன் 'தைம்சு' செய்தித்தாளில் ஒரு மடல் எழுதினார். சென்றோரின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளப் பணமும் தொண்டர்களும் வேண்டும் என்பதே அம்மடலின் சாரம். அதிலிருந்து படைஞர் கடற்படைஞர் குடும்பக் கழகம் பிறந்தது. 1919இல் வானூர்திப் படைஞரையும் சேர்த்துக்கொண்டு, நூற்றாண்டுக்கு மேலாகியும் அது தொண்டாற்றி வருகின்றது. அரசு கைகட்டி நின்ற இடத்தில் கைநீட்டி உதவியது அக்கழகம் என்பதை மறைத்தல் அறமன்று. அரசின் பட்டியலில் இடம்பெறாத மனைவியரையும் அது மனைவியர் என ஏற்றது.

ஆயினும் அதன் தொண்டு நடந்த முறையை உற்றுநோக்க வேண்டும். ஊர்தோறும் உயர்குடி அம்மையார் தொண்டராக அமர்த்தப்பட்டனர். படைஞனின் மனைவி உதவி கேட்டால், அம்மையார் ஒருவர் அவள் வீட்டிற்கு வந்து பார்ப்பார். அடுப்பைப் பார்ப்பார், பிள்ளைகளின் துணியைப் பார்ப்பார், அண்டை வீட்டாரின் சொல்லையும் கேட்பார். குடிப்பழக்கம் உண்டா, வீடு தூய்மையாக இருக்கின்றதா, வேற்றாடவர் வந்துபோகின்றனரா என்பனவெல்லாம் அவர்தம் கண்ணுக்கும் காதுக்கும் உரியவை. அதன்பின்னரே, தகுதியுடையவள் என்று தோன்றினால், உதவி வரும். அந்த அம்மையாரின் நெஞ்சில் இரக்கம் இருந்திருக்கலாம். பெரும்பாலார்க்கு இருந்தும் இருக்கும். ஆனால் உண்ணக் கொடுப்பவர் உள்ளே வந்து பானையைத் திறந்து பார்க்கும் உரிமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றார் என்றால், அங்கு விற்கப்படுவது என்ன என்பதை எவரும் எளிதில் உணரலாம்.

1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. தொழிலையும் வேலையையும் விட்டுச் சென்ற ஒதுக்கப் படையினரின் குடும்பங்கள் இடருற்றன. அப்போது 'டெயிலி மெயில்' என்னும் செய்தித்தாள், பேரரசின் பாவலர் எனப் புகழப்பட்ட இரட்யார்டு கிப்ளிங்கிடம் ஒரு பாட்டுக் கேட்டது. அவ்வாண்டு அக்தோபர் 31ஆம் நாள் அப்பாட்டு வெளிவந்தது. ஆர்தர் சல்லிவன் இசையமைத்தார். அரங்குகளிலும் தெருக்களிலும் அது பாடப்பட்டது. கைக்குட்டையிலும் தட்டிலும் அச்சிட்டு விற்கப்பட்டது. ஏறத்தாழ 2,50,000 பவுன் திரண்டது. ஒரு பாட்டு இவ்வளவு பொருளீட்டியது பாவலர் உலகில் அரிது. அப்பாட்டிற்குக் கிப்ளிங் இட்ட தலைப்பு யாது? 'மறதிக்கார இரவலன்' என்பதே அதன் தமிழ். நாட்டுக்காகத் துமுக்கி ஏந்திச் சென்றவனே இரவலன். வீட்டை மறந்து சென்றுவிட்டவன். ஆகலான் அவன் பெண்டிர் பிள்ளைகட்காக நீவிர் பணம் போடுக என்பது அதன் கருத்து. கிப்ளிங் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அச்சொல்லை ஆளவில்லை. அன்பும் நகையும் கலந்தே ஆண்டார். அதுதான் இன்னும் கொடிது. ஒரு மக்கள்கூட்டத்தின் அன்பும் நகையும்கூடப் படைஞனை இரவலன் என்னும் சொல்லாலன்றி வேறு சொல்லால் நினைக்கவியலாத அளவிற்கு அச்சொல் அவர்தம் எலும்பில் ஊறியிருந்தது. சொல்லைப்பற்றிப் பேசுவோரைப் பார்த்து 'வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டுச் சொற்பாட்டைப் பேசுகின்றார்' என நகைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அச்சொல் என்ன செய்தது என்பதைப் பதினைந்து ஆண்டுகளில் வரலாறு காட்டிற்று.

1914 ஆகத்தில் முதல் உலகப்போர் வெடித்தது. இலக்கக்கணக்கில் ஆடவர் படையிற் சேர்ந்தனர். அவருள் மணமானவர் மிகப் பலர். பழைய பட்டியல் முறை இனிச் செல்லாது என்பது அரசுக்கு உடனே விளங்கிவிட்டது. மனைவிக்கு உணவில்லையெனில் எவன் படைக்கு வருவான்? எனவே அம்மாதத்திலேயே தலைமையமைச்சர் ஆசுகுவித்து, படைஞரின் மனைவியர் அனைவர்க்கும், இசைவுபெற்று மணந்தவர் பெறாது மணந்தவர் என்னும் வேறுபாடின்றி, பிரிவுப்படி வழங்கப்படும் என்று அறிவித்தார். அக்தோபர் முதல் பிள்ளையற்ற மனைவிக்குக் கிழமைக்கு 12 சில்லிங்கு 6 பென்னி என்று வரையறுத்தனர். அதில் ஒரு பகுதி படைஞனின் சொந்த ஊதியத்தினின்றே பிடிக்கப்பட்டது. பிள்ளைகள் இருப்பின் தொகை கூடும். இது கொடையன்று, அரசின் கணக்கிலிருந்து சட்டப்படி செல்லும் படி. தொல்காப்பியர் மொழியிற் சொன்னால், 'கொடு' என்று கேட்கும் நிலைக்கு அவள் முதன்முறையாக ஏறினாள்.

ஏறினாளா? தாளில் ஏறினாள். முதற் சில திங்கள்களில் படையலுவலகங்களின் கணக்கு முறையே குலைந்து போயிற்று. மணச்சான்று, பிள்ளைப்பிறப்புச் சான்று, கணவனின் படைப்பிரிவு எண் என ஒன்று மாற்றி ஒன்றாக அலுவலர் வினவ, பெண்டிர் கிழமைக்கணக்கில் பணம் வராமல் காத்துக் கிடந்தனர். குடும்பக் கழகத்தின் தொண்டரே அவ்விடைக்காலத்தில் சோறூட்டினர். அவர்கள் செய்தது பேருதவி. ஆனால் அவர்களோடு அவர்தம் பழைய கண்ணும் கூடவே வந்தது.

அதனினும் கொடியது பின்னர் வந்தது. அதே அக்தோபரில் படைத்துறை மன்றம் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தகுதியற்றோர்க்குப் பிரிவுப்படியை நிறுத்துதல் என்பதே அதன் பொருள். படிபெறும் மனைவியருள் குடியில் வீழ்ந்தோர், பிள்ளைகளைப் புறக்கணித்தோர், ஒழுக்கம் தவறியோர் எனக் கருதப்படுவோரைக் கண்டறியக் காவல்துறை துணைசெய்தல் வேண்டும் என்று அது கூறிற்று. கணவன் பிரான்சு நாட்டுச் சேற்றுக்குழியில் நிற்கின்றான். அவன் வாயிலில் உள்ளூர்க் காவலன் நிற்கின்றான். அவன் எதற்காகச் சுடுகின்றானோ அந்நாடே அவன் மனைவியைக் குற்றவாளிபோற் கண்காணிக்கின்றது. குடித்தால் படி போகும் என்னும் ஒறுப்பு அவளுக்குண்டு. அவள் கணவனுக்கோ படையே நாள்தோறும் 'இரம்' என்னும் வெறிநீரை அளந்து ஊற்றிற்று! இம்முரண் அன்றைய அமைச்சருள் எவர்க்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

இவ்விழிவை எதிர்த்துக் குரல்கொடுத்தோருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் சில்வியா பாங்கர்சுட்டு. பெண்டிர் வாக்குரிமைக்குப் பலமுறை சிறைசென்ற அவர், போர்க்காலத்தில் இலண்டனின் கீழ்ப்பகுதியில், துறைமுகத் தொழிலாளரிடையே வாழ்ந்தார். படைஞர் கடற்படைஞரின் மனைவியர்க்கும் உறவினர்க்குமான உரிமைக் கழகமொன்றை 1915இல் அமைத்தார். கழகத்தின் பெயரிலேயே உரிமை என்னும் சொல்லை வைத்ததை நோக்குக. இரக்கம் என்றோ துயர்தீர்ப்பு என்றோ அவர் வைக்கவில்லை. அவர் நடத்திய உணவுச்சாலைகளில் சோறு இனாமன்று. அடக்கவிலைக்கு விற்றார், பெரியவர்க்கு இரண்டு பென்னி, பிள்ளைகட்கு ஒரு பென்னி. காசு இல்லாதவர்க்கு இனாமாகவே சீட்டுக் கொடுத்தார். ஆனால் அச்சீட்டைக் காசு கொடுத்தவரின் சீட்டினின்று பிரித்தறியவியலாதபடி செய்தார். ஆகலின் உண்போருள் இரவலர் யார், விலைகொடுத்தோர் யார் என்று ஒருவர்க்கும் தெரியாது. 'துமுக்கிக் கொல்லர்' என்னும் பெயர்தாங்கி அடைத்துக் கிடந்த ஒரு கட்கடையை எடுத்துத் 'தாயர்' என்று பெயர்மாற்றிக் குழவிக் காப்பகமாக்கினார். ஒத்தோர் ஒத்தோரிடம் 'தா' என்று கேட்கும் ஓர் இடத்தை, அந்தப் பேரரசின் தலைநகரில், கையில் காசில்லாத ஒரு பெண்மகள் ஆக்கிக் காட்டினாள். அந்நாட்டுப் பேரரசியின் பெருங்கட்டடத்தோடு இந்தக் கட்கடையை ஒப்பிட்டுப் பார்த்தால், கொடுக்கும் பொருளின் அளவன்று, கொடுக்கும் முறையே மாந்தத்தன்மையை அளக்கும் கோல் என்பது தெரியவரும்.

1915இல் போர் ஊதியச் சட்டமும், 1916 திசம்பரில் ஊதியங்கட்கென ஒரு தனி அமைச்சும் வந்தன. கைம்பெண்ணின் ஊதியம் கொடையாளரின் கையினின்று அரசின் கைக்கு மாறியது. ஆயினும் ஒழுக்கம் தவறினால் ஊதியம் பறிபோகும் என்னும் நெறி மாறவில்லை. அம்மையார் போய்விட்டார், அவர்தம் மூக்குக்கண்ணாடி அரசின் மேசைமேல் தங்கிவிட்டது.

அதே போரில் இந்தியத் துணைக்கண்டத்தினின்று பத்து இலக்கத்திற்கு மேற்பட்டோர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். போர் தொடங்கியபோது இந்தியக் காலாட்படைஞனின் திங்களூதியம் 11 உருபா. அதனினின்றுதான் அவன் வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். அவன் குடும்பத்திற்கு இடர்வந்தால் உதவுவதற்கு 1914இல் பேரரசின் பெயரால் இந்தியாவிலும் ஒரு துயர்தீர்ப்புத் தொகுப்பு திறக்கப்பட்டது. குறுநில மன்னரும் வணிகரும் கையொப்பமிட்டுக் கொடுத்தனர்; கொடுத்தோரின் பெயர்கள் வெளியிடப்பட்டன; பட்டங்களும் வந்தன. பெற்றோரின் பெயர்களை எவர் எழுதி வைத்தார்?

இனித் தமிழ்நிலத்துப் பழைய முறையைப் பார்த்தல் வேண்டும். செங்கத்துப் பகுதியிலும் தருமபுரிப் பகுதியிலும் தோண்டத் தோண்ட நடுகற்கள் கிடைக்கின்றன. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த கற்கள், ஆகோட் பூசலில் மாண்டவனுக்குக் கல்நட்டு எழுத்துப் பொறித்தது ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட வழக்கம் என்பதை ஐயமற நிறுவின. மாண்டவர் பெரும்பாலும் மன்னர் அல்லர். ஊர் ஆநிரையைக் காத்தவரும் ஊரைக் காத்தவருமாகிய எளிய மறவர். கல் நடுவதோடு ஊர் நின்றுவிடவில்லை. மாண்டவனின் குடும்பத்திற்கு நிலம் விட்டனர். கல்வெட்டுகளில் அந்நிலத்திற்கு இரண்டு பெயர்கள் காணப்படுகின்றன. ஒன்று நெய்த்தோர்ப்பட்டி, மற்றொன்று உதிரப்பட்டி. இரண்டிற்கும் பொருள் ஒன்றே: குருதிக்கு விடப்பட்ட நிலம். உதிரம் வடசொல், நெய்த்தோர் தூய தமிழ்ச்சொல். அத்தமிழ்ச்சொல்லின் உடன்பிறப்பே கன்னடத்து 'நெத்தரு', தெலுங்கத்து 'நெத்துரு' என்பன. கன்னடக் கல்வெட்டுகளும் இவ்வகை நிலத்தை 'நெத்தரு கொடகெ' என்கின்றன. எனவே, மாண்டவனின் குடிக்கு நிலம் விடுதல் தமிழ்க்குடும்பமொழியினர் பலர்க்கும் பொதுவான அறம் என்று கொள்ளலாம்.

அப்பெயரின் அமைப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நிலத்தின் பெயரில் கொடுத்தவன் பெயர் இல்லை. இரக்கமோ அருளோ குறிக்கும் சொல்லும் இல்லை. சிந்திய குருதியே நிலத்தின் பெயர். அந்நிலத்தை உழும்போதெல்லாம், வரப்பைத் தாண்டும்போதெல்லாம், ஊரான் ஒவ்வொருவனும் தன் வாயால் அக்கடனைச் சொல்லியாக வேண்டும். கடன் என்னும் தமிழ்ச்சொல் கடமையையும் குறிக்கும், திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கும். இரண்டும் வெவ்வேறல்ல என்பதே தமிழன் கண்டது. பொன்முடியார் பாடிய புறப்பாட்டொன்று தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் காளைக்குமென ஒவ்வொருவர்க்கும் உரியதை இச்சொல்லாலேயே வகுத்து வைத்துள்ளது. படைஞனுக்கு மட்டும் கடன் என்று சொல்லி வேந்தனை அப்பாட்டு விட்டுவிடவில்லை.

பழந்தமிழர் செய்ததெல்லாம் அறமே என்று முழங்கித் தள்ளிவிடுதலும் பொருந்தாது. மறவனின் குடிக்கு நிலம்விட்ட அதே குமுகாயம், அவன் கைம்பெண்ணை நெய்யும் பூவும் நீக்கி, வேளைக்கீரை உண்டு, பருக்கைக் கல்லின்மேற் படுக்கச் சொல்லிற்று. பூதப்பாண்டியனின் பெருங்கோப்பெண்டு அந்நோன்பினும் தீயே தனக்கு இனிது என்று பாடிவிட்டுத் தீப்பாய்ந்தாள். அரசிக்கே அந்நிலை எனின், மறவன் மனைவியின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. இங்கிலாந்தின் காவலன் செய்த வேலையை ஈங்கு உற்றாரும் ஊராரும் செய்தனர். ஒழுக்கம் பேணுதல் என்னும் பெயரால் கைம்பெண்ணை வேலியிட்டு வைப்பது வெள்ளையன் மட்டும் செய்த பிழையன்று. நெய்த்தோர்ப்பட்டியை மீட்டெடுக்க வேண்டும். கைம்மை நோன்பைப் புதைத்துவிட வேண்டும். பழமையுள் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ளுவதே தமிழ்ப்பற்று.

இந்திய நடுவணரசின் நடைமுறைக்கு வருவோர், அங்கும் அதே மூக்குக்கண்ணாடியைக் காண்பர். வீரப்பதக்கம் பெற்று மாண்ட படைஞனின் கைம்பெண்ணுக்கு உரிய பணப்படி, அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்று நெடுங்காலம் ஒரு நெறி இருந்தது. அதற்கொரு விலக்கும் இருந்தது. அவள் மாண்டவனின் உடன்பிறந்தானையே மணந்துகொண்டால் படி தொடரும்! மாண்டவனுக்குரிய மதிப்பு அவளுக்கன்று, அவன் குடும்பத்துச் சொத்துக்கு என்பதே இதன் உட்பொருள். அவளும் அச்சொத்துள் ஒன்று; வீட்டைவிட்டு வெளியே போகாமல் உடன்பிறந்தான் கைக்கு மாறினால் கணக்கு நேராகிவிடும். வடநாட்டுச் சில பகுதிகளின் குடிவழக்கம் சட்டமாகிப் படைமுழுமைக்கும் பொதுவாக்கப்பட்டது. 2017 நவம்பரில்தான் இவ்வாணை நீக்கப்பட்டது. நாடு விடுதலைபெற்று எழுபதாம் ஆண்டு வரை அவ்விழிவு செல்லுபடியாயிற்று. இக்கைம்பெண்களுக்கு 'வீர நாரி' என்று வடமொழிப் பட்டமொன்றைப் படைத்துறை சூட்டியுள்ளது. பட்டத்தைச் சூட்டிக்கொண்டே அவள் யாரை மணக்கவேண்டும் என்றும் சொன்னார்கள்.

குடும்ப ஓய்வூதியம் என்னும் அலுவல் வழக்கையும் ஈண்டுக் குறிக்கலாம். ஓய்வூதியம் என்பது வேலையினின்று ஓய்ந்தவன் பெறுவது. மாண்டவன் ஓய்ந்தவன் அல்லன். அவன் மனைவியோ அன்றுதான் வேலை தொடங்குகின்றாள். சாவூதியம் என்பது மங்கலமன்று எனின், நெய்த்தோரூதியம் என்று வைப்பதில் என்ன தடை? பொருள் விளங்காது என்பார்க்கு, 'ஓய்வு' என்பது மட்டும் அவள் வாழ்க்கையில் எவ்வாறு விளங்கிற்று என்று வினவலாம்.

2022 சூனில் 'அக்னிபத்' என்னும் பெயரால் ஒரு புதிய படைசேர்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்காண்டுகட்குப் படைஞரை எடுத்து, நூற்றுக்கு இருபத்தைவரை மட்டும் நிலைப்படையில் வைத்துக்கொண்டு ஏனையோரை விடுத்துவிடும் திட்டம் அது. பணியில் மாண்டால் காப்பீடாக 48 இலக்கம் உருபாவும், அச்சாவு படைப்பணியால் நேர்ந்ததெனின் அதற்குமேல் 44 இலக்கமும் பிறவும் குடும்பத்திற்குக் கிடைக்கும் என்று அறிவித்தனர். தொகை சிறிதன்று, அதனைச் சிறிதென்று பேசுவோர் உண்மை பேசுவோரல்லர். ஆனால் நிலைப்படைஞன் களத்தில் மாண்டால் அவன் மனைவிக்குத் திங்கள்தோறும் வரும் ஊதியம் இவன் மனைவிக்கோ பெற்றோர்க்கோ அத்திட்டத்தில் இல்லை. ஒரே எல்லையில், ஒரே குண்டுக்கு, அருகருகே வீழ்ந்த இருவருள் ஒருவன் குடும்பத்திற்கு நாடு வாழ்நாள் முழுமையும் கடன்பட்டது. மற்றவன் குடும்பத்தோடு ஒரே நாளிற் கணக்கை முடித்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவே இவ்வேறுபாட்டை நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்சி வேறுபாடின்றி அமைந்த குழு அது. பழைய ஆங்கிலப் படையின் இரண்டு பட்டியல்கள், இசைவுபெற்ற மனைவி இசைவு பெறாத மனைவி என்னும் அப்பட்டியல்கள், வேறு உருவில் மீண்டும் எழுதப்படுகின்றன என்பதைத் தமிழ்நாட்டினின்று தில்லிக்குச் சென்றோர் எடுத்துரைத்தல் வேண்டும். இவ்வெல்லைகளில் நிற்போருள் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர்களினின்றும் வடார்க்காட்டுப் பக்கத்தினின்றும் சென்ற தமிழ்ப்பிள்ளைகள் பலர்.

அவ்வாறெனின் மக்கள் தம் கையாற் கொடுக்கும் கொடை வேண்டாவா? வேண்டும். அரசின் தாள் ஒரு மேசையினின்று மறுமேசைக்கு நகரும் காலத்தில் உலை கொதிக்க வேண்டுமே. 1914இல் அவ்விடைவெளியை நிரப்பியது கில்டியாவின் கழகமே. பிணம் வந்த வீட்டிற்கு அரிசியும் விறகும் அனுப்பும் ஊரும், பிள்ளையின் பள்ளிக்கட்டணத்தைச் சொல்லாமற் கட்டிவிடும் அண்டைவீட்டானும் எக்காலத்தும் வேண்டும். ஆனால் மேடை வேண்டா. மாலையிட்ட தலைவர் நடுவில் நிற்க, ஆளுயரக் காசோலைத் தாள் ஒன்றைக் கைம்பெண் ஒருபுறம் பிடிக்க, படம் எடுக்கப்படுவதைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணலாம். மூன்று நாள் முன்னர்க் கணவனைக் கொளுத்திவிட்டு வந்தவளின் முகம் அப்படத்தில் எவ்வாறு இருக்கின்றது என்பதைத் தலைவர் ஒருமுறையேனும் பார்த்திருந்தால் அடுத்த படத்திற்கு நிற்கமாட்டார். பணம் அவள் கணக்கிற்குச் செல்லட்டும், அவள் வீட்டிலிருக்கட்டும். அவள் மறுமணம் செய்கின்றாளா, மாமியார் வீட்டில் இருக்கின்றாளா தாய்வீட்டிற்குப் போய்விட்டாளா என்னும் கேள்விகள் எந்தப் படிவத்திலும் இடம்பெறலாகாது. மாண்டவனின் பெற்றோர்க்கும் மனைவிக்கும் உரிய பங்குகளைப் படைத்துறையே தொடக்கத்திலேயே பிரித்து வைத்துவிட்டால், ஒருவர் ஊதியத்திற்காக ஒருவர் மற்றவரின் ஒழுக்கத்தைத் தூற்றும் நிலையும் நேராது.

1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் திசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகின்றது. செந்நிறமும் கருநீலமும் இளநீலமும் கொண்ட சிறு தாட்கொடிகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து உண்டியல் குலுக்கச் செய்கின்றனர். அன்று வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து இப்பணம் யாருக்கு என்று கேட்டால், 'பாவம், படைஞர் குடும்பங்களுக்கு' என்று விடையிறுத்து அப்பிள்ளையை அமர்த்திவிடும் ஆசிரியர் பலர். அவர்கள் அவ்விடத்தில் எச்சவியலைத் திறந்து, அந்த மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, அக்குடும்பத்தார் ஊரைப் பார்த்துச் சொல்லத்தக்கது இவற்றுள் எது என்று பிள்ளைகளையே கேட்கலாம்.